மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா? தனிநபர் திவால், கடன் வசூல் குறித்த கேள்விகள்

காலிங்கராயன் கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பவானிக்கு அருகில் எட்டு விசைத்தறி வைத்துப் பல ஆண்டுகளாகக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தேன். கூலியில் மிச்சமில்லை என்று சொந்தமாக நூல் வாங்கி நெய்யத் தொடங்கியதுதான் வினையாகிவிட்டது. நூல் விலை ஏறியபோது வாங்கிய சரக்கை, துணி விலை இறங்கியபோது விற்க வேண்டியதாயிற்று. இப்போது தறிகள் நின்றுவிட்டன. ஒரு சாயப்பட்டறையில் மாதம் 24,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன்.

என் கடன்கள் இவை. வீட்டை அடமானம் வைத்த வங்கிக் கடனில் பாக்கி 14 லட்சம், அதில் மனைவியும் கையெழுத்திட்டிருக்கிறார். இரண்டு தனியார் நிதி நிறுவனங்களின் தனிநபர் கடன் 5 லட்சத்து 20 ஆயிரம். கிரெடிட் கார்டு 1 லட்சத்து 80 ஆயிரம். நூல் வியாபாரிக்குப் புரோநோட்டின் பேரில் 6 லட்சம். சொந்தபந்தங்களிடம் கைமாற்று 3 லட்சம். தண்டல்காரரிடம் 50 ஆயிரம். கூட்டினால் முப்பதரை லட்சம் வருகிறது. வீட்டை விற்றால் 22 லட்சம் தேறலாம். அப்பா வழியில் வந்த அறுபது சென்ட் நிலம் என் பெயரில் இருக்கிறது.

வசூல் ஆட்கள் காலை ஆறே முக்காலுக்கே அழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் ஒருவரும் கேட்க முடியாது என்றும், அதற்கு முன் நிலத்தைத் தங்கையின் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிவிட வேண்டும் என்றும் உறவினர் ஒருவர் சொல்கிறார். பத்திர எழுத்தரிடமும் பேசியாகிவிட்டது. எழுதுவதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் ஒருமுறை கேட்டுவிடலாம் என்றுதான் இங்கே வந்தேன்.

சப்கோர்ட் வாசல்

ஐயா, பத்திரப் பதிவை முதலில் நிறுத்துங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். நான் சிவில் பக்கம் வழக்கு நடத்தும் வழக்கறிஞர். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் பொதுவாகத்தான் எழுத முடியும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்துவிட்டு அதன்கீழ் மனுப் போட வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தச் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று மூன்றாம் பாகம் ஒன்று இருப்பது உண்மை. ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் அது நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. உங்களைப் போன்ற சிறுதொழில் செய்தவருக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாமலும், சொத்து 20,000 ரூபாய்க்கு மேற்படாமலும், தகுதியான கடன் 35,000 ரூபாய்க்கு மேற்படாமலும், சொந்த வீடு இல்லாமலும் இருக்கும் ஏழைக் கடனாளிக்குப் புதிய தொடக்கம் தரும் ஏற்பாடுகூட அதில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே பவானியில் இருக்கும் உங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும், சென்னை நகரத்தில் இருப்பவருக்கு 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகரங்கள் நொடிப்புச் சட்டமுமே பொருந்தும். சென்னையில் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மற்ற ஊர்களில் சார்பு நீதிமன்றத்தில் ஐ.பி. (நொடிப்பு மனு) என்ற எண்ணோடு மனு பதிவாகும். ஊரில் 'ஐ.பி. போட்டுவிட்டான்' என்று சொல்வது இதைத்தான். கடன் 500 ரூபாயை எட்டியிருந்தாலே கடனாளி மனுச் செய்யலாம் என்கிறது சட்டம். நூறு ஆண்டுக்கு முந்தைய தொகை இன்னும் மாற்றப்படவில்லை.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். மஞ்சள் நோட்டீஸ் என்பது கடன்காரர்களுக்கு, அதாவது கடன் கொடுத்தவர்களுக்கு, நீங்கள் அனுப்பிவிட்டு ஓய்வெடுக்கும் கடிதம் அன்று. மனுவில் உங்கள் கடன்காரர்கள் எல்லோருடைய பெயரையும் முகவரியையும் தொகையையும், உங்கள் சொத்து முழுவதையும் பட்டியலிட வேண்டும். அதன் பேரில் நீதிமன்றம் அவர்களுக்கு அனுப்பும் அறிவிப்பைத்தான் மக்கள் அந்தப் பெயரில் அழைக்கிறார்கள். மனுவைப் போட்ட அன்றே எல்லா நடவடிக்கையும் தானாக நின்றுவிடாது. நொடித்தவர் என்று நீதிமன்றம் உங்களை அறிவித்த பிறகுதான், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 28இன்படி, ஈடு பெறாத கடன்காரர் நீதிமன்ற அனுமதியின்றி உங்கள் மீதோ சொத்தின் மீதோ நடவடிக்கை எடுக்க முடியாமற்போகும். கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் பிரிவு 31இன்கீழ் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். நொடித்தவர் என்று அறிவிக்கும் அதே ஆணையால் உங்கள் சொத்து முழுவதும் நீதிமன்றத்துக்கோ, சொத்தைப் பொறுப்பேற்க அது நியமிக்கும் ரிசீவருக்கோ போய்விடும். அந்த நாள் முதல் அறுபது சென்டும் எட்டுத் தறியும் உங்களுடையவை அல்ல.

வீட்டை அடமானமாகப் பெற்ற வங்கியை இந்த ஆணை கட்டுப்படுத்தாது. ஈடு பெற்ற கடன்காரர் தம் ஈட்டின்மீது நடவடிக்கை எடுப்பதைப் பிரிவு 28(6) தொடாமல் விட்டுவிடுகிறது.

தங்கைக்கு நிலம் எழுதும் யோசனை ஆபத்தானது. பிரிவு 53இன்படி, சொத்தை மாற்றிக்கொடுத்த இரண்டு ஆண்டுக்குள் போடப்பட்ட மனுவின் பேரில் ஒருவர் நொடித்தவராக அறிவிக்கப்பட்டால், நல்லெண்ணத்தில் உரிய விலை கொடுத்து வாங்கியவருக்கும் திருமணத்தை முன்னிட்டும் செய்யப்பட்டவை நீங்கலான மாற்றங்களை ரிசீவர் ரத்துச் செய்யக் கேட்கலாம். தானம் இந்த வலையில்தான் முதலில் விழும். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணம் கொடுத்திருந்தாலும் பிரிவு 54 வந்து நிற்கும். தங்கைக்குக் கிடைப்பது நிலமாக இருக்காது, நீதிமன்ற சம்மனாக இருக்கும்.

காலிங்கராயன் கரை

ஐயா, மிக்க நன்றி. பத்திர எழுத்தரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முத்திரைத்தாள் வாங்கிவிட்டதாகச் சொல்லி முகம் சுளித்தார். இருக்கட்டும். சிறைக்குப் போக நேருமா என்பதுதான் வீட்டில் எல்லோருடைய பயமும். வசூலுக்கு வந்தவர் 'நாளைக்குள் வாரண்ட் வரும்' என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். காசோலைகளும் அவர்களிடம் இருக்கின்றன. ஒரு நிதி நிறுவனத்திடம் இரண்டு, நூல் வியாபாரியிடம் ஒன்று. எல்லாவற்றிலும் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன்.

சப்கோர்ட் வாசல்

கடனைக் கட்ட முடியாமற்போவது குற்றம் அன்று. சிவில் தீர்ப்பின் நிறைவேற்றத்தில் கைது என்ற ஒன்று சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் கையில் பணமிருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுத்தவருக்குத்தான் அது பொருந்தும், வெறும் இயலாமைக்கு அன்று என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லிவிட்டது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே உங்கள் மனைவியிடம் 'வாரண்ட்' என்று சொன்னவருக்குச் சட்டமும் தெரியவில்லை, மரியாதையும் தெரியவில்லை.

காசோலை வேறு விஷயம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு குற்றவியல் வழக்கு. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து அறிவிப்பு வரும். அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் காசோலை வைத்திருப்பவர் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம் என்று தண்டனை இருக்கிறது. 'கையெழுத்து மட்டும்தான் போட்டேன், தொகையை அவர் எழுதிக்கொண்டார்' என்பது தப்பிக்கும் வழியாக இருக்காது. காசோலை கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்ற சட்டத்தின் அனுமானம், கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அனுமானத்தை மறுத்துக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. எவ்வளவு கடன், எவ்வளவு கட்டினீர்கள், எதற்காக அந்தக் காசோலை கொடுக்கப்பட்டது என்பதற்கான தாள்களை இப்போதே சேருங்கள். ஐ.பி. மனு இந்த வழக்கை நிறுத்தும் என்று எண்ண வேண்டாம். புதிய திவால் சட்டத்தின் இடைக்காலத் தடைகூடத் தனிநபர் மீதான காசோலை வழக்கை நிறுத்தாது என்று 2025இல் தீர்ப்பு வந்துவிட்டது.

உங்கள் சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்புப் பெற்றவர் சம்பளத்தை ஜப்தி செய்யலாம், ஆனால் முழுவதையும் அன்று. முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. உங்கள் 24,000 ரூபாயில் 23,000 ரூபாயின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 7,666 ரூபாய்தான் ஜப்திக்கு உட்படும். வருங்கால வைப்பு நிதி, சமையல் பாத்திரம், படுக்கை, உடுப்பு, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத தாலி போன்ற அணி, கைவினைஞரின் தொழில் கருவி ஆகியவை அனைத்தும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. ஐ.பி.யில் ரிசீவருக்குப் போகும் சொத்திலும் இவை சேரா.

ஓய்வுபெற்ற காசாளர்

வங்கியில் முப்பது ஆண்டு இருந்தவன், அதில் எட்டு ஆண்டு வாராக்கடன் பிரிவில். வசூல் ஆட்களைப் பற்றி நான் சொல்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்குத்தான் அதன் சூட்சுமம் தெரியும்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்வது, பொது இடத்தில் அவமானப்படுத்துவது, மிரட்டுவது, பெயரில்லாமல் அழைப்பது அனைத்துக்கும் அதில் தடை உண்டு. வசூல் முகவர் செய்யும் காரியத்துக்கு வங்கியோ நிதி நிறுவனமோதான் பொறுப்பு. 'அவர் எங்கள் ஊழியர் அல்ல' என்று கையை விரிக்க முடியாது.

நடைமுறையில் என்ன செய்வது? ஆறே முக்காலுக்கு வந்த அழைப்பின் நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வருகிறவரிடம் அடையாள அட்டையையும் நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் பாதிப்பேர் திரும்பிப் போய்விடுவார்கள், இது என் கண்ணால் கண்டது. பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். புகாரில் 'என்னால் கட்ட முடியாது' என்று எழுதாதீர்கள். 'கட்ட விரும்புகிறேன், என் வருமானம் இவ்வளவு, தவணையை மாற்றித் தாருங்கள், ஆனால் இந்த முறையில் வசூலிப்பது விதிக்குப் புறம்பானது' என்று எழுதுங்கள். அந்த ஒரு கடிதம் பின்னால் நீதிமன்றத்தில் உங்கள் நாணயத்துக்குச் சாட்சியாக நிற்கும்.

செட்டில்மெண்ட் என்று வாட்ஸ்அப்பில் ஆசை காட்டுவார்கள். 'இன்று மாலைக்குள் எழுபதாயிரம் போட்டால் கணக்கு முடிந்தது' என்பார்கள். கடன் கணக்கு எண், ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதி, அதைக் கட்டினால் பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம் ஆகிய நான்கும் நிறுவனத்தின் கடிதத்தாளில் வராமல் ஒரு ரூபாயும் போடாதீர்கள். பணத்தைக் கடன் கணக்கிலேயே கட்டுங்கள், முகவரின் ஜிபே எண்ணுக்கு அன்று. சமரசமாக முடிந்த கடன் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று நிற்கும், முழுதாகக் கட்டி முடித்ததற்கு அது ஈடாகாது. விவசாயம் அல்லாத கடன்களில் சமரசம் செய்துகொண்டவருக்கு அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் புதிய கடன் தரக்கூடாது என்று 2023 ஜூன் சுற்றறிக்கை சொல்கிறது. உங்கள் நிலையில் புதிய கடன் கிடைக்காமல் இருப்பது கெடுதலும் அன்று.

வீட்டுக் கடனைத் தள்ளிப்போடாதீர்கள். தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடனாகும். அதன்பின், அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி தரும் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, பணத்தைக் கட்டச் சொல்லி 60 நாள் அவகாசத்துடன் 13(2) அறிவிப்பு வரும். அதற்கு நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். வங்கி சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏலத்துக்குப் போனால் 22 லட்சத்து வீடு 17க்கும் போகும், 16க்கும் போகும். நீங்களாக வாங்குபவரைப் பிடித்து வங்கிக்குத் தெரிவித்து விற்றால் 14 லட்சம் போக மீதி உங்களிடம் தங்கும். ஏல அறிவிப்பு வெளியான பிறகு அந்த வாய்ப்பு சட்டப்படியே குறுகிவிடுகிறது.

நூல்கடை

இந்த இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன். சேலத்தில் நூல் வியாபாரம் செய்கிறேன். எல்லோரும் கடன் வாங்கியவருக்கே வழி சொல்கிறீர்கள். கொடுத்தவன் என்ன பாவம் செய்தான்? நான் மில்லுக்குக் கட்ட வேண்டிய பணமும் வட்டிக்கு வாங்கியதுதான். மூன்று ஆண்டுக்கு முன் ஒருவர் என்னிடம் நாலு லட்சத்துக்கு நூல் எடுத்துவிட்டு ஐ.பி. போட்டார். மஞ்சள் நோட்டீஸ் என்கிறார்களே, எனக்கு வந்தது வெள்ளைத் தாள்தான். அதைப் பிரித்துப் பார்த்தால் கடன்காரர் பட்டியலில் எனக்கு முன்னால் அவருடைய மாமனாரும் இரண்டு மைத்துனர்களும் பெரிய பெரிய தொகையோடு உட்கார்ந்திருந்தார்கள். அது உண்மைக் கடனா என்று யார் கேட்பது? எங்களுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லையா?

சப்கோர்ட் வாசல்

கேட்க வேண்டியவர் நீங்கள்தான் ஐயா. அந்த அறிவிப்பு உங்களுக்கு வந்ததே அதற்காகத்தான். பெரும்பாலான வியாபாரிகள் அதைப் பார்த்ததும் பணம் போயிற்று என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். எதிர்த்து யாரும் வராத மனு சுலபமாக நடக்கிறது.

நீங்கள் முன்னிலையாகி எதிருரை தாக்கல் செய்யலாம். மாமனார் கொடுத்ததாகச் சொல்லும் பணம் எந்த வங்கி வழியாக வந்தது என்று குறுக்கு விசாரணை செய்யலாம். நொடித்தவர் என்று அறிவித்த பிறகு உங்கள் கடனை மெய்ப்பித்துப் பட்டியலில் ஏறிக்கொண்டால், ரிசீவர் சொத்தை விற்றுப் பிரிக்கும்போது விகிதப்படி பங்கு கிடைக்கும். சொத்தை மறைத்தவருக்குப் பிரிவு 69இல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கடனாளி மனுப் போடவில்லை என்றாலும், சொத்தை மோசடியாக மாற்றுவது, கடன்காரரைத் தவிர்க்க ஊரைவிட்டு ஓடுவது போன்ற நொடிப்புச் செயல் நடந்த மூன்று மாதத்துக்குள் கடன்காரரே அவரை நொடித்தவராக அறிவிக்கக் கேட்டு மனுச் செய்யலாம். அதற்குமுன், பணத்துக்கான சாதாரண வழக்கிலேயே எதிராளி சொத்தை விற்க முயல்வதைக் காட்டித் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேட்கவும் வழியுண்டு.

கடன்களிலிருந்து அவரை நீதிமன்றம் விடுவிக்கும் கட்டத்திலும் உங்களுக்கு இடம் இருக்கிறது. நொடித்தவராக அறிவிக்கப்பட்டவுடன் கடன் அழிந்துவிடுவதில்லை. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் அவர் விடுவிப்பு கேட்டு மனுச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பிரிவு 43இன்படி அறிவிப்பே ரத்தாகி அவர் பழைய நிலைக்கு வந்துவிடுவார். செய்தாலும், ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதி அளவுக்காவது சொத்துத் தேறவில்லை என்றால், அது தம் பொறுப்பில் சேராத காரணத்தால் நேர்ந்தது என்று அவர் நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். 'எட்டணா' என்றே சட்டத்தில் அச்சாகியிருக்கிறது. நூல் விலை வீழ்ச்சி அத்தகைய காரணமாக ஏற்கப்படலாம். மாமனார் பெயரில் எழுதிய போலிக் கடன் ஏற்கப்படாது.

ஒருமுறை பட்டவர்

நான் திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். ஐ.பி. போட்டவன். வழக்கறிஞர் ஐயா எழுதியவற்றில் ஒன்றும் தவறில்லை. அனுபவித்தவன் என்ற முறையில் இரண்டு சொல்கிறேன்.

மனுப் போட்டதிலிருந்து நொடித்தவர் என்று ஆணை வருவதற்கு எனக்கு இரண்டரை ஆண்டு ஆனது. அந்தக் காலம் முழுவதும் வாய்தாவுக்குப் போகும் நாளில் நீதிமன்ற வராந்தாவில் என் கடன்காரர்கள் பதினொரு பேரோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வாய்தாவில் ஒருவரும் முகம் பார்க்கவில்லை. நாலாவது வாய்தாவில் பட்டன் கடைக்காரர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதைக் குடிக்க எனக்கு நேரமானது.

ரிசீவர் வந்து பட்டியல் எடுத்த அன்று தையல் எந்திரங்களில் ஐந்தைக் குறித்துக்கொண்டு, மனைவி உட்காரும் பழைய எந்திரத்தின் அருகே வந்து நின்றார். 'இது யார் தைப்பது?' என்று கேட்டார். 'நான்தான், இதில்தான் சாப்பாடு' என்றாள். தாளில் 'பழைய எந்திரம் ஒன்று, தொழில் கருவி' என்று எழுதிவிட்டு நகர்ந்தார். அந்த எந்திரம் இன்றும் ஓடுகிறது.

விடுவிப்பு வரும்வரை, நொடித்தவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு என்று என் வழக்கறிஞர் சொன்னபோது சிரித்தேன். மளிகைக் கடையில் மாதப் பற்று வைத்திருந்தவன் நான். மறுநாளே கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். 'தெரியும், ஊருக்கே தெரியும்' என்றார்.

வைகை வடகரை

இதே இழையில் கேட்கலாமா என்று தெரியவில்லை. என் கணவர் ஏழு மாதத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவர் பெயரில் கிரெடிட் கார்டில் 2 லட்சத்து 10 ஆயிரமும் ஒரு தனிநபர் கடனும் இருக்கின்றன. நான் எதிலும் கையெழுத்திடவில்லை. அவருடைய பி.எஃப். பணமும் பணிக்கொடையும் எனக்கு வந்திருக்கின்றன. அந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மகனின் வேலைக்குப் பிரச்சினை வரும் என்று சொல்லி, 'வாரிசு ஒப்புதல்' என்ற தலைப்பில் ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார்கள்.

சப்கோர்ட் வாசல்

அம்மா, அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். இறந்தவரின் கடன் வாரிசுகளின் தலையில் ஏறுவதில்லை. அவர் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவு உங்கள் கைக்கு வந்ததோ, அந்த அளவுக்கு மட்டுமே கடன்காரர் கேட்க முடியும். உங்கள் சம்பளத்தையோ மகனின் சம்பளத்தையோ கேட்க முடியாது. பி.எஃப். பணத்துக்கும் பணிக்கொடைக்கும் அந்தந்தச் சட்டங்களே ஜப்தியிலிருந்து பாதுகாப்புத் தருகின்றன. கணவர் பெயரில் வீடோ மனையோ வைப்புத்தொகையோ இருந்தால் அது வேறு கணக்கு, அதன்மீது அவர்கள் வழக்குப் போடலாம். தந்தை கடனை மகன் அடைப்பது அறக்கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கொள்கையும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்குப் பொருந்தாது.

இறப்புச் சான்றிதழின் நகலோடு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கடனோடு காப்பீடு சேர்த்திருந்தார்களா என்றும் அதிலேயே கேளுங்கள். தனிநபர் கடன்களில் பல நேரம் காப்பீட்டுத் தொகையைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருகிறார்கள், குடும்பத்துக்கு அது தெரிவதில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஓய்வுபெற்ற காசாளர்

அம்மாவுக்கு நான் சேர்ப்பது ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் நீதிமன்ற முத்திரையோடு ஏதாவது வந்தால், அதில் சி.என்.ஆர். என்ற 16 எழுத்து எண் இருக்கிறதா என்று பாருங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வழக்கு உண்மையா என்று தெரிந்துவிடும். தராசுப் படம் போட்ட தாளெல்லாம் சம்மன் ஆகிவிடாது.

காலிங்கராயன் கரை

இத்தனை பேர் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இன்னும் இரண்டு சந்தேகங்கள். தண்டல்காரர் ஐம்பதாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 42,500 தான் கொடுத்தார். நாள் ஒன்றுக்கு 500 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். இருபது நாள் கட்டியபின் நின்றுவிட்டதால் அபராத வட்டி போட்டு மறுபடி ஐம்பதாயிரத்துக்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். நூல் வியாபாரியின் கணக்குப்பிள்ளை நேற்று வந்து, 2023 ஜூனில் எழுதிய புரோநோட்டின் பின்பக்கம் 'வரவு ரூ. 500' என்று எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் ஐந்நூறு கொடுக்கவே இல்லை. போடலாமா?

சப்கோர்ட் வாசல்

கணக்குப்பிள்ளை தம் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார். புரோநோட்டுக் கடனுக்கு மூன்று ஆண்டு காலவரையறை. அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் கடனாளி ஒரு சிறு தொகை கட்டியதாகத் தம் கையெழுத்தில் பதிந்தாலோ, கடன் இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, அன்று முதல் புதிதாக மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும். நோட்டின் முதுகில் இருக்கும் அந்த ஒரு வரிக்கு ஆறு லட்சம் மதிப்பு. காலவரையறை முடிந்தபின் போட்டால் வெறும் வரவுப் பதிவு உயிர் தராது. ஆனால் கட்டுவதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவுப்படி அது புதிய வாக்குறுதியாகிவிடும்.

கொடுக்காத ஐந்நூறைக் கொடுத்ததாக எழுதாதீர்கள், அது பொய்ப் பதிவு. அதற்காகக் காலவரையறை முடியட்டும் என்று ஒளிந்துகொள்ளவும் நான் சொல்லமாட்டேன். நீங்கள் மெய்யாகவே வாங்கிய நூல் அது. ஐ.பி. மனுவின் பட்டியலில் அவர் பெயரை எழுதப்போகிறீர்கள் என்றால் கடனை ஒப்புக்கொள்ளத்தான் போகிறீர்கள். 'பாக்கித் தொகையைக் கணக்குப் பார்த்து எழுத்தில் தருகிறேன்' என்று சொல்லி, உண்மைத் தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருக்கும் காசோலையைப் பற்றியும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

தண்டல்காரருக்கு 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவை அதில் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டவை. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வட்டித் தொழில் செய்ய அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். 2025இல் வந்த தமிழ்நாடு கட்டாய வசூல் தடுப்புச் சட்டத்தில் மிரட்டி வசூலிப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அவர்கள் மனுக் கொடுக்காமல் இருந்தவர்கள் அல்லர், அதனால்தான் சொல்கிறேன்: புகாரைக் கொடுத்தால் ரசீதோடு திரும்புங்கள். காவல் நிலையத்தில் மனு ஏற்பு ரசீது, ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு எண், இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

காலிங்கராயன் கரை

வீட்டை விற்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன், வங்கி மேலாளரிடமும் நாளை பேசுகிறேன். அதன்பின் ஐ.பி. போடுவதா, எல்லோரையும் அழைத்துப் பேசிப் பார்ப்பதா என்று முடிவெடுக்கலாம் என்றிருக்கிறேன். கடைசியாக ஒன்று. கைமாற்று மூன்று லட்சத்தில் எண்பதாயிரம் தங்கை கொடுத்தது. ஒரு தாளும் இல்லை. வளையலை விற்றுக் கொடுத்தாள். அவள் ஒருநாளும் கேட்கமாட்டாள். பட்டியலில் அவள் பெயரையும் எழுத வேண்டுமா?

சப்கோர்ட் வாசல்

எழுத வேண்டும். தாள் இல்லாத கடனும் கடன்தான். வளையல் விற்ற கடையின் ரசீது தங்கையிடம் இருந்தால் வாங்கி வையுங்கள், நூல்கடை ஐயாவைப் போல ஒருவர் கேட்கும்போது காட்ட அது வேண்டும். அவருக்கு மட்டும் முன்கூட்டித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், மூன்று மாத விதி நினைவிருக்கட்டும். பேசித் தீர்ப்பதானால் அதற்கும் சட்டத்திலேயே இடமிருக்கிறது. நொடித்தவராக அறிவித்த பிறகு நீங்கள் ஒரு திட்டம் கொடுத்து, கடனை மெய்ப்பித்தவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையினரும் தொகையில் நாலில் மூன்று பங்கினரும் ஒப்புக்கொண்டால், நீதிமன்றம் அதை ஏற்று முத்திரையிடலாம். அந்த எண்ணிக்கையில் உங்கள் தங்கையின் கையும் ஒன்று.

நூல்கடை

பவானிக்காரருக்கு ஒரு வார்த்தை. தறிகளைத் தனித்தனியாக உடைத்து இரும்பு விலைக்குப் போடாதீர்கள். குமாரபாளையம் பக்கம் ஓடும் நிலையில் எட்டையும் சேர்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விற்பதற்கு முன் உங்கள் நூல் வியாபாரியிடம் சொல்லிவிட்டு, விலையை அவர் காதில் போட்டுவிட்டு, ரசீதோடு விற்றுவிடுங்கள். எனக்கு அந்த ஒன்றை அன்று அவர் செய்திருந்தால் நான் வழக்கறிஞரிடம் போயிருக்கமாட்டேன்.

காலிங்கராயன் கரை

சரிங்க ஐயா. ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்கே நேரில் போகிறேன்.